காலிப் படுக்கைகளின் கதை

எங்கள் வாசக வட்டத்தைச் சேர்ந்த ஐந்து பேர் கப்பலில் ஓர் உல்லாசப் பயணம் போவதென்று சென்ற ஆண்டு முடிவு செய்தோம். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கையும் புக்கெட்டையும் பார்த்துவிட்டு, மறுபடியும் சிங்கப்பூரிலேயே இறங்க வேண்டும், நான்கு இரவுகள். எங்களில் எவருக்கும் கையில் தாராளமாகப் பணம் புரள்வதில்லை. எனவே விளம்பரத் தாளில் கண்ட கட்டணம் எங்களை முதலில் மயக்கியது. ஒரு நடுத்தர விடுதியின் வாடகைக்கு நிகரான தொகைதான். அதிலேயே மூன்று வேளைச் சாப்பாடும் அடக்கம் என்றிருந்தது.

பிறகு பொடி எழுத்துகளைப் படித்தோம். துறைமுகக் கட்டணம் தனி. ஊழியர்களுக்கான அன்பளிப்பு, தலைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று தனி. குடிபானம் தனி, இணையம் தனி, கரையில் இறங்கிச் சுற்றுவது தனி. மேலும், அச்சிட்டிருந்த விலை இருவர் ஓர் அறையில் தங்கினால் ஒருவருக்கு உரியது. எங்களுள் ஒருவர் ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, தனியாக வாழ்பவர். (வட்டத்தில் அனைவருக்கும் அவர் 'டீச்சர்'தான்.) தனி அறை வேண்டுமென்றால், வராத இன்னொருவருக்கும் சேர்த்து ஏறக்குறைய முழுக் கட்டணத்தை அவர் கட்டியாக வேண்டும். "காலிக் கட்டிலுக்கு எதுக்குப்பா நான் காசு கொடுக்கணும்?" என்று அவர் கேட்டதற்குப் பயண முகவராக இருந்த இளைஞர் சொன்ன பதில் இது: "கொஞ்சம் பொறுங்க டீச்சர். தேதி நெருங்க நெருங்கக் கட்டில் காலியா கெடந்தா அவங்களே வெலையக் கொறச்சுடுவாங்க. கப்பல்காரனுக்குக் காலிக் கட்டில்னா அவ்வளவு பயம்."

அந்தப் பயத்தின் வரலாற்றைத் தேடிப் போனபோது கிடைத்தவற்றையே இங்கே எழுதுகிறோம்.

பழைய பாய்மரக் கப்பலுக்கு இந்தப் பயம் இருந்ததில்லை. சரக்கு நிறையும்வரை அது துறைமுகத்திலேயே காத்துக் கிடக்கும். காற்றும் வாய்த்தால் புறப்படும். பயணியும் கரையில் காத்துக் கிடக்க வேண்டியதுதான். 1818 ஜனவரி 5 அன்று, கொட்டும் பனியில், 'ஜேம்ஸ் மன்ரோ' என்ற கப்பல் முன்னரே அறிவித்த தேதியில் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்குக் கிளம்பியது. பிளாக் பால் என்று பின்னர் பெயர் பெற்ற நிறுவனத்தின் கப்பல் அது. நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் குறித்த நாளில் புறப்படுவோம் என்பதே அந்நிறுவனம் கொடுத்த வாக்கு. பயணிக்கு அது பெரும் வரம். ஆனால் கடற்பயணத்தில் 'காலிப் படுக்கை' என்ற பொருள் பிறந்ததும் அப்போதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. விற்காத துணியை நாளைக்கு விற்கலாம். கப்பல் நகர்ந்த பிறகு விற்காத படுக்கையை எந்தச் சந்தையிலும் விற்க முடியாது.

அரசின் தபால் ஒப்பந்தத்தை எடுத்த நீராவிக் கப்பல்களுக்கு இந்த நெருக்கடி இன்னும் கூர்மையானது. ஸ்பெயின், போர்ச்சுகல் துறைமுகங்களுக்கு 1837 முதலும் எகிப்துக்கு 1840 முதலும் தபால் கொண்டுசென்ற பி. அண்ட் ஓ. நிறுவனம், படுக்கைகளை நிரப்ப ஒரு புது வழி கண்டது. வேலை நிமித்தம் போகிறவர்கள் போதாவிட்டால், வேலையே இல்லாமல் வேடிக்கை பார்க்கப் போகிறவர்களை அழைப்பது! மத்தியதரைக் கடலைச் சுற்றிவரும் பயணத்தை அது 1844-இல் விளம்பரப்படுத்தியது. அவ்வாண்டு ஆகஸ்டில், சவுத்தாம்ப்டன் துறைமுகத்தில் 'லேடி மேரி வுட்' கப்பலில் ஏறிய ஓர் எழுத்தாளருக்குப் பயணச்சீட்டே இலவசம். அவர்தான் வில்லியம் மேக்பீஸ் தாக்கரே. புறப்படுவதற்கு இரண்டொரு நாள் முன்னர்தான் அழைப்பு வந்ததாம். கப்பல் மாறிக் கப்பலேறி அவர் ஏதென்ஸ், கான்ஸ்டான்டிநோபிள், ஜெருசலேம், கெய்ரோ எல்லாம் பார்த்து வந்து எழுதிய நூல், டிட்மார்ஷ் என்ற புனைபெயருடன் 1846-இல் வெளிவந்தது. காலியாகக் கிடந்த ஒரு படுக்கையைக் கொடுத்து, அதற்கு ஈடாக ஒரு புத்தகம் நிறைய விளம்பரத்தைக் கம்பெனி பெற்றுக்கொண்டது. சிக்கனப் பயணி என்று வரலாற்றில் எவரையாவது முதலிடத்தில் வைக்க வேண்டுமென்றால் தாக்கரேயைத்தான் வைக்க வேண்டும்.

அவருக்கு அடுத்த இடம் மார்க் ட்வைனுக்கு. 1867 ஜூனில் நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட 'குவேக்கர் சிட்டி' பயணத்துக்குக் கட்டணம் 1,250 டாலர். அவருடைய பங்கை சான் பிரான்சிஸ்கோவின் 'ஆல்டா கலிபோர்னியா' பத்திரிகை கட்டியது. பதிலுக்கு அவர் கடிதங்கள் எழுதி அனுப்பினார். அக்கடிதங்களிலிருந்துதான் 1869-இல் அவருடைய முதல் பயண நூல் உருவாயிற்று. அந்தப் பயணத்தின் அறிவிப்பை அவர் நூலிலேயே தந்திருக்கிறார். அதைப் படித்தபோது எங்கள் கையிலிருந்த விளம்பரத் தாள்தான் நினைவுக்கு வந்தது. கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கை முன்பணமாகக் கட்டினால்தான் இடம் உறுதி. முதலில் பதிபவருக்கு அறையையும் சாப்பாட்டு மேசையையும் தேர்ந்தெடுக்கும் உரிமை. கரையில் ஆகும் செலவு தனி. நாளுக்கு ஐந்து டாலர், அதுவும் தங்கமாக, போதுமென்று ஒரு மதிப்பீடு. முன்பதிவின் இலக்கணம் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வகுக்கப்பட்டாயிற்று. ஆள் சேர்க்கும் உத்தியும் அப்படியே. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நாயகரான ஜெனரல் ஷெர்மனும், புகழ்பெற்ற சமய போதகர் ஹென்றி வார்ட் பீச்சரும் வருகிறார்கள் என்று பரபரப்பாகப் பேசப்பட்டது. கடைசியில் இருவருமே வரவில்லை. நூற்றைம்பது பேருக்கு வசதியுள்ள கப்பலில் ஏறியவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர்.

*

இத்தொழிலுக்கு நிலையான வடிவம் கொடுத்தவர் ஆல்பர்ட் பாலின் என்ற ஹாம்பர்க் யூதர். தந்தை நடத்திய முகவாண்மையில் தொழில் பழகியவர். அமெரிக்காவுக்குக் குடியேறப் போகும் ஏழைகளுக்குக் கப்பல் சீட்டு விற்பதுதான் அந்த முகவாண்மையின் வேலை. ஹாம்பர்க்-அமெரிக்கா கப்பல் கம்பெனியின் தலைமைக்கு உயர்ந்த பிறகும் அவர் காலிப் படுக்கையின் கணக்கை மறக்கவில்லை. வட அட்லாண்டிக்கில் குளிர்காலத்தில் பயணிகள் குறைவு. கம்பெனியின் புதிய விரைவுக் கப்பலான 'அகஸ்டா விக்டோரியா' அம்மாதங்களில் சும்மா நின்று செலவு வைத்தது. 1891 ஜனவரி 22 அன்று 241 பயணிகளுடன் அதை வெயில் காயும் மத்தியதரைக் கடலுக்கு அனுப்பினார் பாலின். தானும் உடன் போனார். பைத்தியக்காரத்தனம் என்று சக அதிகாரிகள் சிலர் எண்ணினார்கள். இரண்டு மாதம் கழித்துக் கப்பல் நல்லபடியாகத் திரும்பியது. அடுத்த குளிர்காலத்துக்கும் பயணம் ஏற்பாடாயிற்று. (மகாராணியின் பெயரை வைக்கப் போய் ஓர் எழுத்தைப் பிழையாக எழுதிவிட்டார்கள். 'அகஸ்டே' என்றிருக்க வேண்டியது 'அகஸ்டா' ஆகி, 1897-இல்தான் திருத்தப்பட்டது. இத்தனை பெரிய கப்பலுக்கும் மெய்ப்புப் பார்க்க ஆளில்லை போலும்.)

ஆனால் இந்தக் கப்பல்களைத் தாங்கி நின்ற வருமானம் கீழ்த்தளத்திலிருந்து வந்தது. போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் கிளம்பிய குடியேறிகள் அங்கே அடுக்குக் கட்டில்களில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருந்தார்கள். 1907-இல் மட்டும் அமெரிக்காவில் குடியேறியவர்கள் 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். மேலே பளிங்குக் கூடமும் பனைமரத் தோட்டமும் மின்னியதற்குக் கீழே இந்த லட்சக்கணக்கான சீட்டுகள் இருந்தன. அந்த நம்பிக்கையில்தான் உலகிலேயே மிகப் பெரிய கப்பலாக அன்று விளங்கிய 'இம்பெராட்டர்' பாலினின் தலைமையில் 1913-இல் கடலில் இறங்கியது. அடுத்த ஆண்டு போர் வந்தது. 1918 நவம்பர் 9 அன்று, ஜெர்மானியப் பேரரசு கவிழ்ந்த அதே நாளில், பாலின் தூக்க மாத்திரைகளை விழுங்கி உயிரை விட்டார். 'இம்பெராட்டர்' பிரிட்டிஷாரின் கைக்குப் போய், குனார்டு நிறுவனத்தின் 'பெரங்காரியா' ஆயிற்று. அந்தக் கப்பலிடம் பிறகு திரும்பி வருவோம்.

1921-இலும் 1924-இலும் அமெரிக்கா குடியேற்றச் சட்டங்களை இறுக்கியது. இரண்டாவது சட்டம் ஆண்டுக்குச் சுமார் 1,65,000 பேர் என்று வரம்பு கட்டியது. ஆசியர்களுக்குக் கதவை அநேகமாக முழுதும் அடைத்தது. கப்பல்களின் அடித்தட்டு ஒரே அடியில் காலியாயிற்று. மலிவான கப்பல் சுற்றுலாவின் உண்மையான பிறப்பு இந்த இடத்தில் நிகழ்ந்ததென்பது எங்கள் எண்ணம். கம்பெனிகள் அந்தத் தளங்களைக் கழுவி, வண்ணமடித்து, பொதுக்கூடங்களைச் சிறு அறைகளாகத் தடுத்து, மேசைக்கு விரிப்புப் போட்டு, 'டூரிஸ்ட் மூன்றாம் வகுப்பு' என்று பெயர் சூட்டி விற்றன. வாங்கியவர்கள் கல்லூரி மாணவர்கள், பள்ளி ஆசிரியர்கள், சிறு உத்தியோகஸ்தர்கள். வாத்தியம் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் கப்பலில் ஜாஸ் வாசித்து, அதையே பயணக் கட்டணமாக ஈடு செய்தார்கள். ஒரு தலைமுறை அமெரிக்க இளைஞர்கள் பாரிஸைப் பார்த்தது, இன்னொரு மக்கள் கூட்டம் நியூயார்க்கைப் பார்க்க முடியாமல் போனதால் காலியான படுக்கையில் படுத்துத்தான். எங்கள் டீச்சர் இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார்.

அதே காலத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. அப்போது அற்பமாகத் தோன்றியிருக்கும். அமெரிக்காவில் 1920 முதல் மதுவிலக்கு. அமெரிக்கக் கொடி பறக்கும் கப்பலில் மது ஊற்றக் கூடாது. பயணிகளோ மது கிடைக்கும் பிறநாட்டுக் கப்பல்களை நாடினார்கள். 1922-இல் 'ரிலையன்ஸ்', 'ரெசல்யூட்' என்ற இரு அமெரிக்கப் பயணிக் கப்பல்கள் பனாமாவின் கொடிக்கு மாற்றப்பட்டன. கொடி மாறினால் சட்டமும் மாறும் என்ற பாடத்தைக் கப்பல் முதலாளிகள் மதுக்கோப்பையின் வழியாகக் கற்றுக்கொண்டார்கள். மதுவிலக்கு 1933-இல் ஒழிந்தது. பாடம் ஒழியவில்லை, பின்னாளில் அது மாலுமிகளின் கூலிக்குப் பயன்பட்டது.

1929-க்குப் பிந்திய பெருமந்தத்தில் மேல்தளப் பணக்காரர்களும் குறைந்தார்கள். துறைமுகங்களில் வேலையற்ற கப்பல்கள் வரிசையாக நின்றன. நிற்கும் கப்பலுக்கும் கட்டணம் உண்டு, காவலும் உண்டு. ஓடினாலாவது கொஞ்சம் காசு வரும். இங்கிலாந்தில் நாளொன்றுக்கு ஒரு பவுன் என்ற கணக்கில் உல்லாசப் பயணங்கள் விற்கப்பட்டன. நியூயார்க்கிலிருந்து, எந்த ஊருக்கும் போகாமல் வெறுமனே கடலுக்குள் போய்க் குடித்துவிட்டுத் திரும்பும் பயணங்கள் நடந்தன. பாலினின் பழைய 'இம்பெராட்டர்', அதாவது 'பெரங்காரியா', இப்படிப்பட்ட மலிவுப் பயணங்களில் ஓடியோடி, 'பார்கன்-ஏரியா', அதாவது தள்ளுபடிக் கடை, என்று கேலிப் பெயர் வாங்கிற்று. 1938-இல் நியூயார்க்கில் தீ விபத்துக்கு ஆளாகி, உடைக்க விற்கப்பட்டது. அவ்வளவு பெரிய உடம்பு. முழுதும் உடைத்து முடிக்க 1946 ஆயிற்று.

மலிவு என்றால் நல்லது என்று நாமெல்லாம் இயல்பாக நினைக்கிறோம். அந்த நினைப்பை ஜெர்மனியின் கதை கலைத்துவிடுகிறது. 1933 மே மாதத்தில் நாஜிகள் தொழிற்சங்கங்களை ஒடுக்கி அவற்றின் சொத்துகளைப் பறித்துக்கொண்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் 'மகிழ்ச்சியின் வழி வலிமை' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெருமந்தத்தால் முடங்கிக் கிடந்த கப்பல்களை வாடகைக்கு எடுத்து, 1934 முதல் உழைப்பாளிகளுக்குக் குறைந்த செலவில் நார்வேக்கும் மடேராவுக்கும் பயணம் என்று முழங்கினார்கள். 1938-இல் ஓடத் தொடங்கிய 'வில்ஹெல்ம் குஸ்ட்லோஃப்' கப்பலில் வகுப்பு வேறுபாடே கிடையாது. சமத்துவம் என்று பார்த்தால் பாலின்கூட எண்ணிப் பார்க்காத ஒன்று. ஆனால் நடைமுறையில் ஆலைத் தொழிலாளர்களைவிடச் சம்பளக்காரர்களும் கட்சிக்காரர்களுமே விகிதத்துக்கு மிஞ்சி ஏறினார்கள். பயணிகளோடு பயணிகளாக உளவாளிகளும் ஏறி, யார் என்ன பேசினார் என்று அறிக்கை எழுதினார்கள். குறைந்த கட்டணத்தின் மிச்சத்தை யார் கொடுத்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான பற்றுச்சீட்டு வேண்டியதில்லை. அந்தக் கப்பல் 1945 ஜனவரி 30 இரவு பால்டிக் கடலில் சோவியத் நீர்மூழ்கியின் குண்டுகளால் மூழ்கியது. அன்று அதில் இருந்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். பெரும்பாலும் அகதிகள், ஆயிரக்கணக்கில் மாண்டார்கள்.

நாங்கள் போகத் திட்டமிட்டிருந்த சிங்கப்பூர்-பினாங்கு நீர்ப்பாதைக்கும் ஒரு பழைய கப்பல் உண்டு. கிளாஸ்கோவில் 1926-இல் கட்டப்பட்ட 'ரஜுலா'. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு போய்வந்தது. அறைப் பயணிகள் சிலரே. தளப் பயணிகள் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றலாம் என்று தொடக்கத்தில் அதற்கு உரிமம் இருந்தது. நம் வீட்டுப் பெரியவர்கள் 'டெக் டிக்கெட்' என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்தச் சீட்டில் படுக்கை கிடையாது. விரித்த பாயே படுக்கை. மலாயாவின் தோட்டங்களுக்குக் கூலியாகவும், கடைகளுக்குக் கணக்கெழுதவும் போனவர்களின் தளம் அது. அட்லாண்டிக் கப்பல்களின் அடித்தட்டு 'டூரிஸ்ட் வகுப்பு' ஆனதைப்போல ரஜுலாவின் தளம் எந்த நாளும் ஆகவில்லை. 1973-இல் இந்தியக் கப்பல் கழகத்தின் கைக்கு வந்து, மறு ஆண்டே உடைபடப் போயிற்று.

*

1958 அக்டோபரில் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்கத் தொடங்கின. ஐந்து நாள் பயணம் ஒரு பகலுக்குள் அடங்கிற்று. இம்முறை மூன்று வகுப்புகளும் சேர்ந்தே காலியாயின. இன்றைய கப்பல் சுற்றுலா அந்த வெறுமையிலிருந்து முளைத்தது. முளைத்த விதம் ஒரு நகைச்சுவைக் கதையைப்போல இருக்கிறது. 1966-இல் மயாமியில் டெட் அரிசன் என்பவரிடம் பணம் கட்டிய பயணிகள் இருந்தார்கள். அவர் நம்பியிருந்த கப்பல் கைநழுவிப் போயிருந்தது. ஐரோப்பாவில் நூட் குளோஸ்டர் என்ற நார்வேக்காரரிடம் 'சன்வேர்ட்' என்ற புதுக் கப்பல் இருந்தது. ஜிப்ரால்டர் தகராறினால் பயணிகள் இல்லை. தொலைபேசியில் பேசி இருவரும் கூட்டுச் சேர்ந்தார்கள். சில ஆண்டுகளில் கூட்டு முறிந்தது. அரிசன் 1972-இல் கார்னிவல் நிறுவனத்தைத் தொடங்கி, கனடாவின் ஓய்வுபெற்ற கடற்பயணக் கப்பல் ஒன்றை வாங்கி 'மார்டி கிரா' என்று பெயரிட்டார். முதல் பயணத்தில், முந்நூறு பயண முகவர்கள் ஏறியிருக்க, மயாமி முகத்துவாரத்திலேயே அது மணல்திட்டில் ஏறி நின்றது.

பிழைத்ததும் வறுமையினால்தான். 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது எரிபொருளை மிச்சம் பிடிக்கக் கப்பலை மெதுவாக ஓட்டினார்கள், துறைமுகங்களைக் குறைத்தார்கள். கடலிலேயே கூடுதல் நேரம் கழியும் பயணிக்குப் பொழுது போக வேண்டுமே? சூதாட்டம், நடனம், மதுக்கூடம். ஊர்களைப் பார்க்கக் கப்பல் என்பது மாறி, கப்பலே ஊராயிற்று. பயணச்சீட்டில் விட்டதைக் கூடத்தில் பிடிக்கலாம் என்ற கணக்கும் அங்கே தேறியது. அந்தக் கணக்கின் பலனே எங்கள் விளம்பரத் தாளிலிருந்த குறைந்த கட்டணம்.

ஆகவே சிக்கனமாகப் போக விரும்புகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டியது, கப்பல் எப்போது காலியாகக் கிடக்கும் என்பதே. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் கரீபியக் கடலுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே கப்பல்கள் இடம் மாறும். அந்த ஒருவழிப் பயணங்கள் நாள் கணக்கில் நீளமானவை, விலையில் குறைந்தவை. பாலின் கண்ட அதே பருவக் கணக்கு. பள்ளி விடுமுறைக்கு வெளியே போவது மலிவு. ஜன்னலில்லாத உள்ளறை மலிவு. எந்த அறை என்பதைக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டால் இன்னும் மலிவு. கடைசி நேரத் தள்ளுபடி உண்மைதான். ஆனால் விமானச் சீட்டும் விசாவும் கடைசி நேரத்தில் ஏறும் விலையும் அதை விழுங்கிவிடும். துறைமுக நகரத்தில் வசிப்பவருக்கே அது ஆதாயம்.

குறைகிற தொகையின் இன்னொரு பாதி கொடியில் இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் பலவும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா ஆகியவற்றில் பதிவானவை. ஊழியர்கள் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கான ஒப்பந்தத்தில் வருகிறவர்கள். 2013-இல் நடைமுறைக்கு வந்த சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை ஓர் அளவுகோலாக வாரத்துக்குக் குறைந்தது 77 மணி நேர ஓய்வு என்கிறது. வாரத்துக்கு மணி 168. டீச்சர் கழித்துப் பார்த்து, "தொண்ணூத்தி ஒண்ணு" என்றார்.

அன்று மாலையே செலவுப் பட்டியலைத் திருத்தி எழுதினோம். அன்பளிப்புத் தொகையைக் கடைசி வரியிலிருந்து எடுத்து முதல் வரியில் வைத்தோம். மதுவும் இணையமும் அடிபட்டன. உள்ளறை மூன்று. டீச்சரின் நாத்தனார் தஞ்சாவூரிலிருந்து வரச் சம்மதித்ததால் இரண்டாவது கட்டிலும் நிரம்பிற்று. அவருடைய தகப்பனார் சிறு வயதில் நாகப்பட்டினத்தில் ரஜுலா ஏறிப் பினாங்கில் ஏழாண்டு கடையில் இருந்தவராம். பினாங்கில் கப்பல் நிற்பது எட்டு மணி நேரம். சுற்றுலாப் பேருந்துக்குக் கட்டணம் கட்டாமல், அந்தக் கடைத்தெருவைக் கால்நடையாகவே தேடிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.